காற்பங்குப் பயிற்சி

(பாளையம்பட்டியில், அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரப் பள்ளிகளின் இளையோர் அமைப்புப் பொறுப்பாசிரியர்களும் தொண்டர்களும் கூடிய கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



'இளையோர் அமைப்புகளும் பொறுப்பாளர் பயிற்சியும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சாரணர், சாரணியர், குருளையர், இளஞ்செஞ்சிலுவைக் கழகம், நாட்டு மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், பசுமைப்படை என்று நம் பள்ளிகளில் பெயர்கட்குக் குறைவில்லை. இவற்றுள் இரண்டையோ மூன்றையோ ஒரே ஆசிரியர் சுமக்கும் பள்ளிகளும் உண்டு. அவ்வாறு சுமப்பவர் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். எல்லாவற்றையும் பேசப் புகுந்தால் பொழுது சாய்ந்துவிடும். திருச்சுழிப் பக்கம் போக வேண்டியவர்கள் பேருந்தை விட்டுவிடுவார்கள். ஆகலின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இளையோரைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. அவ்விளையோரை நடத்திச் செல்லும் பெரியவர்க்கு யார் துணை என்று கேட்பார் இல்லை. அதனைக் கேட்கவே வந்தேன்.

நன்னூல் கற்றவர் இங்குப் பலர் இருக்கிறீர்கள். பவணந்தியார் தம் நூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பும் மாணாக்கர் இயல்பும் கூறிய பின், கல்வி எவ்வாறு நிறைவுபெறும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசான் சொன்னதைச் சிந்தாமல் சிதறாமல் வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது காற்பங்கே. அவ்வினையிலேயே ஈடுபட்டிருப்பாரோடு கூடிப் பயில்வதால் வருவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது வந்து சேரும். எண்ணூறு ஆண்டுக்கு முன்னைய கணக்கு இது. இதனை வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் போடுகிறோமே தவிர, நம் மேல் பொருத்திப் பார்ப்பதில்லை.

இப்போது பொருத்திப் பாருங்கள். ஓர் ஆசிரியரை ஏழுநாட் பாசறைக்கு அனுப்புகிறோம். சான்றிதழ் வருகிறது. 'பயிற்சி பெற்றவர்' என்று கோப்பில் ஏறுகிறது. அதன்பின் ஓய்வு பெறும் வரை அவர் பயிற்சி பெற்றவர்தாம். நன்னூலார் கணக்கில் அவர் பெற்றது கால். மற்றை முக்காலையும் தருவதற்கு நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

"இவை மேலைநாட்டார் கொண்டுவந்த அமைப்புகள், இவற்றை நன்னூலால் அளக்கலாமோ?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அளக்கலாம். அவர்களும் பட்டறிந்து இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், வெள்ளையர் பேரரசின் படைத்தலைவர். அவருடைய பேரரசுப் பற்று நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவர் கண்ட ஒரு சிக்கலை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1907இல் பிரௌன்சித் தீவில் சிறுவரைக் கூட்டிப் பாசறை நடத்தினார். 1908இல் சிறுவர்க்கென நூல் வெளியிட்டார். நூலைப் படித்த சிறுவர்கள் பெரியவர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தாமே அணி சேர்ந்துகொண்டு, பிறகுதான் தம்மை நடத்த ஒருவரைத் தேடினார்கள். பிள்ளைகள் மிகுதி, நடத்தத் தெரிந்த பெரியவர் குறைவு என்னும் நிலை அந்த இயக்கத்தோடு கூடவே பிறந்தது.

அதற்கு விடையாக 1919இல் இலண்டனை அடுத்த கில்வெல் என்னும் இடத்தை, மேக்லாரன் என்பவர் கொடுத்த 7,000 பவுன் நன்கொடையால் வாங்கினார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் முதற் பயிற்சி. வந்தவர் 19 பேர். அவர்களை வரிசையில் உட்கார வைத்துச் சொற்பொழிவு ஆற்றவில்லை. சிறுவரைப் போலவே அணியணியாகப் பிரித்து, கூடாரத்தில் தங்கவைத்து, சிறுவர் செய்வதையெல்லாம் செய்ய வைத்தார்கள். முடித்தவர்க்கு அடையாளமாக மரமணி தந்தார்கள். சூலு மன்னர் தினுசூலுவின் மாலையிலிருந்து எடுத்த மணிகள் அவை என்பர். ஒரு நாட்டு மன்னனின் மாலை இன்னொரு நாட்டுப் படைத்தலைவன் கைக்கு எவ்வாறு வந்தது என்பது வேறு கதை. அதனை இங்கு விடுவோம். நமக்கு வேண்டியது அடுத்து நிகழ்ந்தது. பின்னாளில் அத்தகுதியை மூன்று கூறாக வகுத்தார்கள். நூல் கற்று வினாக்களுக்கு விடை எழுதுவது ஒன்று. பாசறையில் பிறரோடு தங்கிப் பயில்வது இரண்டு. ஊர் திரும்பித் தம் சிறுவர் படையை நடத்திக் காட்டுவது மூன்று. இம்மூன்றும் முடிந்தால்தான் மணி. நன்னூலாரின் காலும் காலும் அரையும் வேறு பெயரில் அங்கே நிற்கின்றன, காண்க.

நம் நாட்டுக்கு வருவோம். 1909இல் பெங்களூரில் இவ்வியக்கம் தொடங்கியபோது வெள்ளைச் சிறுவர்க்கே அதில் இடம்; இந்தியச் சிறுவரைச் சேர்க்க மறுத்தார்கள். 1916இல் அன்னி பெசண்டு அம்மையார் அருண்டேல் துணையோடு நம் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கென்று தனியே ஒரு சாரணர் கழகம் தொடங்கினார். கதவு திறந்தது அதன் பிறகுதான். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று பல கழகங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் ஆயின. அடுத்த ஆண்டு ஆகத்து 15 அன்று சாரணியரும் சேர்ந்தனர். மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் நாடு முழுமைக்குமான பயிற்சி நடுவம் இருக்கிறது. பொறுப்பாளர்க்கு அடிப்படைப் பயிற்சி, அதன்மேல் உயர்நிலைப் பயிற்சி, அதன்மேல் இமய மரமணித் தகுதி என்று படிகள் உண்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே தம் படையில் பணியாற்றிக் காட்ட வேண்டும் என்பதும் விதியில் உண்டு. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருங்கூட்டத்துக்குப் பல மாநிலங்களிலிருந்தும் பல்லாயிரம் பிள்ளைகள் வந்தார்கள். ஆக, ஏட்டிலும் விழாவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் கரிசற்காட்டுப் பள்ளிக்கு இதில் எவ்வளவு வந்து சேர்கிறது?

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர். பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டா. பயிற்சிக்குப் போகச் சொல்லித் தலைமையாசிரியர் ஆணையிட்டபோது அவர் விரும்பிப் போகவில்லை. போய்த் திரும்பியபோதோ ஆளே மாறியிருந்தார். இருபத்து நான்கு பெண்பிள்ளைகளைச் சேர்த்தார். அணிக்கு அறுவராக நான்கு அணி. தீப்பெட்டி ஒட்டப் போய்விட்டு மாலையில் பள்ளிக்கே வராதிருந்த ஒரு பெண்ணை அணித்தலைவி ஆக்கினார். அப்பெண் அதன்பின் ஒருநாளும் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. முதலாண்டு இவ்வாறு சென்றது. இரண்டாம் ஆண்டில் ஐயங்கள் எழுந்தன. பிள்ளைகளை வெளியூர்ப் பாசறைக்கு அழைத்துச் செல்லப் பெற்றோர் ஒப்பவில்லை. என்ன சொல்லி ஒப்பவைப்பது? இரண்டு அணிகளுக்கிடையே சாதிப் பேச்சு நுழைந்தது, எப்படிக் கையாள்வது? அடுத்த தேர்வு நிலைக்குரிய படிவம் எங்கே கிடைக்கும்? கேட்க ஆள் இல்லை. இரண்டு ஆண்டில் அவர் படையைப் பார்க்க வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்த தாள்களெல்லாம் எண்ணிக்கை கேட்டு வந்தவை. மூன்றாம் ஆண்டில் அவர்க்கு இடமாற்றம். அவருக்கு அடுத்து இன்னொருவரை ஆயத்தம் செய்து வைக்க யாரும் எண்ணவில்லை. சீருடைகள் இரும்புப் பேழையில் கிடந்தன. அந்த அணித்தலைவி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

படை கலைந்ததால்தான் நின்றாள் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். வீட்டில் வறுமை, கரணியம் பல. ஆனால் அவள் நிற்பதற்கு முன் அவளைப் பற்றி எண்ணிய ஒரு பெரியவர் அப்பள்ளியில் இருந்தார், பிறகு இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இவ்வூர்ப் பக்கத்துத் தறிக்காரர்கள் இதனை நன்கு அறிவார்கள். தறியில் குந்தி நாடா வீசக் கற்பதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. இழை அறும்போது, எந்த இழை அறுந்தது என்று கண்டு, பாவு கலையாமல் பிணைப்பதற்குத்தான் ஆண்டுகள் வேண்டும்; அதுவும் பக்கத்துக் குழியில் அப்பனோ அண்ணனோ இருந்து "அதை விடு, இதைப் பிடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான். நாம் நம் பொறுப்பாளரை நாடா வீசக் கற்பித்துவிட்டுத் தனித்தறியில் உட்கார வைத்துவிடுகிறோம். இழை அறுந்த அன்றைக்கு அவர் எழுந்து போய்விடுகிறார். பிறகு, 'இக்காலத்தில் தொண்டுள்ளம் இல்லை' என்று மேடையில் பேசுகிறோம்!

தொண்டுள்ளம் இல்லையென்பது பொய். 2021இல் தமிழ்நாட்டரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது ஏறத்தாழ 2 இலக்கம் பேர் தன்னார்வலராக வந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு வீட்டில் இருந்த மருமகள்கள், தங்கைகள். திங்களுக்கு 1,000 உருபா ஊக்கத்தொகைக்காக மட்டும் ஒருத்தி நாடோறும் மாலையில் இருபது பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டிவைத்துக் கொண்டிருக்க மாட்டாள். நம் பக்கத்துச் சிற்றூர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். வருவார் உளர், வந்தவரைக் கைவிடாத அமைப்புத்தான் இல்லை.

இனி, ஒருமுறைப் பயிற்சியால் விளையும் இடர்களுக்கு வருகிறேன். இவற்றுள் இரண்டு உயிரோடு விளையாடுவன.

முதலாவது, அறிவு பழையதாவது. முதலுதவி எல்லா இளையோர் அமைப்புக்கும் பொது. நாற்பது ஆண்டுக்கு முன் சாரணர் பயிற்சியில் பாம்புக்கடிக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? கடிவாய்க்கு மேலே கயிறு கொண்டு இறுகக் கட்டு. கீறிக் குருதியை வெளியேற்று. இங்குள்ள மூத்தவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கற்றிருப்பீர்கள். இன்று மருத்துவம் இதனை முற்றாக விலக்குகிறது. கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. இறுகக் கட்டினால் காலோ கையோ அழுகிப் போகும். விரியன் கடியில் கீறினால் உறையாத குருதி நிற்காமல் ஒழுகும். செய்ய வேண்டியவை சில. கடிபட்டவரை அச்சப்படுத்தாமல் படுக்க வை. கடிபட்ட உறுப்பு அசையாதபடி, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோலப் பலகை வைத்துத் தளர்வாகக் கட்டு. மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் கழற்று. நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல். 108 ஊர்தியை அழை. நம் பக்கம் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள காடு. 2024இல் தமிழ்நாட்டரசு பாம்புக்கடியை அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது என்றால், அதன் கொடுமை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். 'பயிற்சி பெற்றவர்' என்று கோப்பில் உள்ள ஒருவர், தாம் கற்றபடி, பிள்ளையின் காலை இறுகக் கட்டினால் அப்பழி யாரைச் சாரும்? அவரை நான் குறை கூறேன். அவர் கற்றதைத்தான் செய்தார். கற்றது மாறிவிட்டது என்று அவர்க்கு யாரும் சொல்லவில்லை.

நீரில் மூழ்குவதும் அப்படியே. கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாயில் மண் அள்ளிய பள்ளங்கள், மழைக்குப் பின் ஆழம் தெரியாமல் நிரம்பி நிற்கின்றன. ஒரு பிள்ளை விழுந்தால் காப்பாற்ற இன்னொரு பிள்ளை குதிக்கிறது, இரண்டும் போகின்றன. நீந்தத் தெரிந்தாலும் குதிக்காதே, கம்பை நீட்டு, கயிற்றை எறி, சேலையை வீசு, ஆளைக் கூப்பிடு என்பதைப் பிள்ளைகள் கனவிலும் சொல்லும்படி பழக்க வேண்டும். மூச்சு நின்றவர்க்குச் செய்யும் உதவி முறையும் மாறிவிட்டது. முதுகை அழுத்திக் கையைத் தூக்கும் பழைய முறை போயிற்று. நெஞ்சின் நடுவில் நிமையத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்க்கு 5 செ.மீ.க்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். நீரில் மூழ்கியவர்க்கு வாய்வழி மூச்சூட்டலும் சேர்த்தே செய்ய வேண்டும். இதனை நூலில் படித்துக் கற்க முடியாது. பொம்மை மேல் அழுத்திப் பழக வேண்டும். ஓராண்டு பழகாவிட்டால் கை மறந்துவிடும். ஆண்டுதோறும் பழகுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது இடரைச் சொல்ல நாக்கூசுகிறது. சொல்லாமல் விட்டாலோ பெருங்கேடு. 2024 ஆகத்துத் திங்களில் கிருட்டிணகிரி மாவட்டத்துப் பர்கூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், நாட்டு மாணவர் படையின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் பாசறை நடத்தினான். அப்படைக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பள்ளியில் இரவு தங்கிய சிறுமியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளிப் பொறுப்பில் இருந்தோரும் தளைப்படுத்தப்பட்டனர். பெற்றோர் சீருடையைப் பார்த்து நம்பினார்கள். சீருடைக்குள் இருப்பவன் யார், அவனை அனுப்பியது யார், அவனோடு இன்னொருவர் இருக்கிறாரா என்று கேட்டறியும் பழக்கம் அப்பள்ளியில் இல்லை. இது நம் நாட்டில் மட்டும் நேர்வதன்று. அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்பு, தன்னிடம் சிறுவயதில் இழைக்கப்பட்ட இத்தகைய கொடுமைகளுக்கான வழக்குகளால் 2020இல் நொடிப்பு அறிவித்தது. முறையிட்டவர் 82,000க்கு மேற்பட்டோர். எத்தனை பெரியவர்கள் ஐயப்பட்டும் வாய்மூடியிருந்தால் இந்த எண் வரும்!

நல்லவரும் தனியே நிற்கக் கூடாது என்பதுதான் இங்கு நாம் கற்க வேண்டியது. எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும், மூடிய அறையிலோ பாசறையிலோ பயணத்திலோ, தனித்திருத்தல் ஆகாது. எப்போதும் இரண்டு பெரியவர். பெண்பிள்ளைகள் இருந்தால் அவ்விருவரில் பெண் ஒருவர் கட்டாயம். இது யாரையும் ஐயுறுவதற்கு அன்று. ஐயத்துக்கே இடமில்லாமல் செய்வதற்கு. பிள்ளை ஒன்று வந்து சொன்னால், 'நீ தவறாக எண்ணியிருப்பாய்' என்று வாயடைக்காமல் கேட்கவும் பழக வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோச் சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காமை தண்டனைக்குரியது. பள்ளியின் நற்பெயர் கெடும் என்பது சட்டத்தின் முன் நில்லாது. 1098 என்னும் எண்ணைப் பொறுப்பாளர் மட்டுமன்றிப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். உங்களில் எத்தனை பேர்க்கு இவை பயிற்சியில் சொல்லப்பட்டன? கையுயர்த்த வேண்டா, நெஞ்சுக்குள் விடை சொல்லிக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். இக்கூட்டத்தில் நான் அதைப் பேசாமல் போனால் நீங்களே விடமாட்டீர்கள். நாட்டு மாணவர் படையில் இந்தி ஆணைச்சொற்கள் கூடா என்று தமிழ்நாடு 1968இலேயே குரல் எழுப்பியது. அவ்வாண்டு சனவரி 23 அன்று சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது இதுவும் உடன் பேசப்பட்டது. அவ்வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நம் கையில் உள்ள அமைப்புகளில் நாம் செய்தது என்ன? பயிற்சிக் குறிப்பேடு ஆங்கிலத்தில் வருகிறது. பயிற்றுநர் ஆங்கிலச் சொல்லையே சொல்கிறார், ஆசிரியர் எழுதிக்கொள்கிறார், பொருள் புரியாத இடத்தில் தலையாட்டிவிட்டு வருகிறார். 'நேர் நில்', 'இயல்பாய் நில்', 'வலம் திரும்பு' என்பவற்றில் எது கடினம்? கயிற்று முடிச்சைப் பாருங்கள். மாட்டின் கழுத்தில் கட்டும் முடிச்சு எவ்வளவு இழுத்தாலும் கழுத்தை இறுக்கக் கூடாது என்பது நம் ஊர்ச் சிறுவனுக்கு ஏழு வயதில் தெரியும். அதே வேலையைச் செய்வதற்குத்தான் சாரணர் நூலில் 'போலைன்' வருகிறது. தன் தாத்தாவிடம் உள்ள அறிவு என்று அறியாமல், கடல் கடந்து வந்த புதுமை என்று எண்ணி, அதை மனப்பாடம் செய்து மறக்கிறான் மாணவன். பொறுப்பாளர்க்குத் தமிழில் கற்பித்திருந்தால் அவர் அம்முடிச்சைக் கண்டதும் மாட்டுக் கொட்டிலை நினைத்திருப்பார்.

'சாரணர்' என்னும் சொல்லே தகுமா என்று இங்கு ஓர் இளைஞர் காலையில் கேட்டார். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் தொழும் சாரணர் சமண முனிவர். ஒற்றர் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு வழங்கியிருக்கிறது. சொல்லாராய்ச்சியை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஊரறிந்த சொல்லை மாற்றுவதினும் அச்சொல்லுக்குரிய பயிற்சியைத் தமிழில் தருவது முந்திய வேலை.

சரி, என்ன செய்யலாம்? அரசுக்கு வேண்டுகோள் விடுத்துவிட்டுக் கலைவது நம் கூட்டங்களின் வழக்கம். வேண்டுகோளும் விடுப்போம். ஆனால் நம்மாலேயே ஆவன உள்ளன.

திங்களுக்கு ஒரு ஞாயிறு, அரைநாள், இவ்வட்டாரத்துப் பொறுப்பாளர் எல்லாரும் கூட வேண்டும். எந்த அமைப்பு என்ற வேற்றுமை வேண்டா. செஞ்சிலுவைக்கும் சாரணர்க்கும் பாம்பு வேறு வேறாகக் கடிப்பதில்லை. அங்கே சொற்பொழிவு கூடாது. என்னைப் போன்றவர்களை அழைக்காதீர்கள். ஒவ்வொருவரும் தாம் அத்திங்களில் செய்தது ஒன்று, தமக்குச் சிக்கலானது ஒன்று, இரண்டையும் சொல்ல வேண்டும். ஒருவர் ஏதேனும் ஒரு கைத்திறனை மற்றவர்க்குக் கற்பிக்க வேண்டும். அடுத்த திங்களில் இன்னொருவர். நன்னூலாரின் எஞ்சிய முக்காற்பங்கு அந்த அரைநாளில்தான் இருக்கிறது.

புதிதாகப் பொறுப்பேற்பவர் ஒவ்வொருவருக்கும், பழையவர் ஒருவரை ஓராண்டுக்குத் துணையாக்குவோம். அவர் மேலதிகாரியாக வராமல், அண்ணனாகவோ அக்காளாகவோ, திங்களுக்கு ஒருமுறை அப்பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு ஒரு மாலை இருந்துவிட்டு வர வேண்டும். பதிவேட்டைப் புரட்டக் கூடாது. அந்த ஆசிரியைக்கு இப்படி ஒருவர் வாய்த்திருந்தால் அவர் ஊர் மாறிய பின்னும் படை நின்றிருக்கும்.

பொறுப்புக்கு ஓர் எல்லையும் வேண்டும். 1993இல் பாங்காக்கில் கூடிய உலகச் சாரணர் மாநாடு பெரியவர்க்கென்று ஒரு கொள்கை வகுத்தது. ஒருவரைச் சேர்க்கும்போதே என்ன பணி, எத்தனை காலம், என்ன துணை கிடைக்கும் என்று பேசி உடன்பட வேண்டும். காலம் முடிந்ததும், தொடர்வதா, வேறு பணிக்குப் போவதா, விடைபெறுவதா என்று மீண்டும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அதன் சாரம். நம்மிடம் ஒருவர் சேர்ந்தால் விடுதலையே இல்லை. அல்லது சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிடுகிறார். மாலை போட்டு வரவேற்கத் தெரிந்த நாம், நன்றி சொல்லி அனுப்பவும் கற்போம்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நம் வட்டாரத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? விருதுநகரிலும் அருப்புக்கோட்டையிலும் பள்ளிகள் எழுந்தது மகமைப் பணத்தில். விற்ற மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிப் பள்ளி கட்டிய மண் இது. ஆனால் அம்மகமை அவரவர் உறவின்முறைக்குள் நின்றது. நாம் அதனை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்குவோம். சம்பளம் வாங்கும் நாம் ஆளுக்குத் திங்கள் ஐம்பது உருபா எடுத்து வைத்தால், சம்பளம் இல்லாத தொண்டர்களின் பேருந்துச் செலவுக்கும் நண்பகல் உணவுக்கும் போதும். ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் பிள்ளைகளுக்கு அணிநடை கற்பிக்க வருகிற தம்பி, தன் கைக்காசில் பேருந்து ஏற வேண்டும் என்பது நமக்கு இழுக்கு.

அவைத்தலைவரிடம் பேசி முடித்துவிட்டேன். முதற்கூட்டம் அடுத்த திங்கள் இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பது மணி, இதே இடம். முதல் ஒரு மணிநேரம் பாம்புக்கடி. ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். ஆளுக்கு ஒரு பழைய துண்டும், முழங்கை நீளத்தில் இரண்டு மெல்லிய பலகையும், மூன்று முழக் கயிறும் கொண்டு வாருங்கள். முன்பே கற்றவர்களும் வாருங்கள். பெயர் எழுதும் தாள் வாயிலருகே இருக்கிறது; பெயருக்கு எதிரே, நீங்கள் மற்றவர்க்குக் கற்பிக்கக் கூடிய ஒன்றையும் எழுதிவிட்டுப் போங்கள்.